எல்லோரும் எழுதுகிற ஒரே தொகை

எங்கள் சங்கத்து இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு நீல பைல் கிடக்கிறது. உறுப்பினர்கள் நிரப்பிக் கொடுத்த போம்களின் பிரதிகள் அதற்குள் இருக்கின்றன. போன கிழமை வேறொரு கடதாசியைத் தேடப்போய் அதைக் கீழே இறக்கினேன். இறக்கிய கையோடு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'மாத வருமானம்' என்ற பெட்டியில் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருப்பது ஒரே தொகை. 25,000 ரூபா.

முப்பது வருஷம் கடலோடி, சொந்தமாக இரண்டு பைபர் போட் வைத்திருப்பவருக்கும் 25,000. அவருடைய போட்டில் பங்குக்குப் போகிற பொடியனுக்கும் 25,000. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு கடலுக்குப் போகாமல் கரையிலிருந்து வலை பொத்திக் கொடுக்கிற வயசாளிக்கும் அதே 25,000. அத்தனையும் என்னுடைய கையெழுத்து.

அவர்கள் முன்னாலிருந்து சொன்னதைத்தான் எழுதினேன். பெயர், விலாசம், போட் இலக்கம் எல்லாம் உரத்த குரலில் சொல்லுவார்கள். அந்தப் பெட்டி வந்ததும் குரல் தணியும். "எனக்கு முன்னால வந்தவர் எவ்வளவு போட்டவர், பிள்ளை?" என்று கேட்பார்கள். நான் பேசாமல் இருப்பேன். அவர்களே பைலை எட்டிப் பார்த்துவிட்டு, "அதையே எனக்கும் போட்டுவிடு" என்பார்கள்.

நான் திருகோணமலைத் திருக்கடலூர். அப்பா கடற்றொழிலாளி, அண்ணா கடற்றொழிலாளி, என் வீட்டுக்காரரும் அதே தொழில்தான். ஒன்பது வருஷமாகக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் செயலாளராக இருக்கிறேன். பொறுப்பெடுக்கும்போது செயலாளர் என்றால் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நாளில் பாதி போம் நிரப்புவதிலேயே போகிறது.

விடியப்புறம் கரைக்கு வருகிற போட்டுகளில் வலையிலிருந்து சூடை மீன் கழற்றி முடிய எட்டு, எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் என்னிடம் வருவார்கள். முழங்கையில் செதில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஷொப்பிங் பைக்குள் அடையாள அட்டைப் பிரதி சுருண்டு கிடக்கும். இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள், போய்ப் படுக்க வேண்டிய நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

போட் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒரு போம். எண்ணெய் நிவாரணம் என்று அறிவித்தால் அதற்கு ஒன்று. காப்புறுதிக்கு ஒன்று, வங்கிக் கடனுக்கு ஒன்று, வலை தருகிறோம் என்று வருகிறவர்களுக்கு ஒன்று, வீட்டுக்கு அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு கேட்டால் அதற்கு வேறொன்று. எல்லாவற்றிலும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆள் யார், போட் என்ன, எஞ்சின் எத்தனை குதிரைவலு, தொடர் இலக்கம் என்ன, வலை எத்தனை, வீட்டில் எத்தனை பேர், உழைப்பு எவ்வளவு. ஒரே ஆளின் எஞ்சின் தொடர் இலக்கத்தை ஒரே வருஷத்தில் ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். அந்த ஐந்தில் ஒன்றில் எட்டுக்குப் பதிலாக மூன்று என்று எழுதிவிட்டேன். ஒரு கந்தோரில் இருந்த பதிவும் இன்னொரு கந்தோரில் இருந்த பதிவும் ஒத்துவரவில்லை என்று அந்த மனிதருக்கு நிவாரணம் இரண்டு மாதம் பிந்தியது. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது.

கொழும்பில் மீன் ஏற்றுமதிக் கம்பனியொன்றில் ஆவண வேலை பார்க்கிறாள் என் அக்காவின் மகள். இதையெல்லாம் அவளிடம் ஒருநாள் சொல்லிப் புலம்பினேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட ஆவணம் வந்தது, கூடவே அவளுடைய குரலும்: "சின்னம்மா, உங்களுக்கு மட்டுமில்லை, அமெரிக்காக்காரனுக்கும் இதே கரைச்சல்தான். அலாஸ்காவில நண்டு பிடிக்கிற ஆக்களுக்குப் போம் குறைச்சிருக்கினம். வாசிச்சுப் பாருங்கோ."

அகராதியும் அவளுடைய விளக்கமுமாக மூன்று இரவு இருந்து வாசித்தேன். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடல். அங்கே பெரிய நண்டுகளைப் பனிக்காலத்தில் கூடு இறக்கிப் பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் பருவம் திறந்ததும் எல்லாக் கப்பல்களும் ஒன்றாகப் பாயும். முந்திப் பிடிக்கிறவருக்குத்தான் நண்டு. புயல் என்றும் பாராமல் போய் ஆட்கள் செத்தார்கள். 2005இல் அதை மாற்றி, இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். பங்கைக் குத்தகைக்கும் விடலாம். அதனால் பலர் தங்கள் பங்கை ஒரே கப்பலில் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கினார்கள். பிறிஸ்டல் குடாவில் செந்நண்டுக்குப் போன கப்பல்கள் முந்திய பருவத்தில் 250 அளவில் இருந்தன. அடுத்த பருவத்தில் 100க்கும் கீழே இறங்கிவிட்டன.

கடலில் சாவு குறைந்தது நல்லது. ஆனால் கட்டிப் போட்ட கப்பல்களில் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்? நண்டு அவிக்கிற ஆலைகளில் இருந்தவர்கள்? அந்தச் சின்னக் கரையூர்கள்? இதை அறிவதற்குத்தான் பொருளாதார அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், எண்ணெய்க்கு எவ்வளவு, இரைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பங்குக் குத்தகைக்கு எவ்வளவு என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்காக 1998, 2001, 2004 ஆகிய வருஷங்களின் கணக்கையும் கேட்டு வாங்கினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. வேலை போய்க் கரையில் நிற்கிறவனைத் தேடிப் பிறந்த போம் அது.

ஆனால் பிறந்த போம் பெருத்துவிட்டது. கேட்டதில் நிறைய ஏற்கெனவே வேறு பதிவுகளில் இருக்கிறது என்று 2013இல் ஒருதடவை குறைத்தார்கள். 2023இல் இன்னொரு தடவை. கொடுத்த கணக்கு சரியா என்று வெளிக் கணக்காய்வாளர் வந்து பார்க்கிற முறை ஒன்று இருந்தது. அதற்கு ஆகிற செலவுக்கு ஏற்ற பிழைகள் பிடிபடவில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். அலாஸ்கா வளைகுடாவின் இழுவைப் படகுகளுக்கு ஒரு புதிய முகாமைத் திட்டம் வரப்போகிறது என்று, திட்டத்துக்கு முந்திய நிலையைப் பதிந்துவைக்க ஒரு போம் கொண்டுவந்திருந்தார்கள். திட்டம் வரவில்லை. போம் மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தினார்கள்.

இதை வாசித்தபோது போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நின்றேன். சுனாமிக்குப் பிறகு ஒரு திட்டத்துக்காகத் தொடங்கிய பதிவேடு ஒன்று எங்கள் சங்கத்திலும் இருந்தது. யார் யார் வாரத்தில் எத்தனை நாள் தொழிலுக்குப் போனார்கள், எவ்வளவு சேமித்தார்கள் என்று மாதாமாதம் எழுத வேண்டும். திட்டம் முடிந்து ஆட்கள் வாகனத்தில் ஏறிப் போன பிறகும், எனக்கு முந்தி இருந்த செயலாளர் ஆறு வருஷம் அதை எழுதிக்கொண்டே இருந்தார். கேட்டு வாங்க ஆள் இல்லை. நிறுத்து என்று சொல்லவும் ஆள் இல்லை. என் பொறுப்பில் வந்தபோது அந்தப் பதிவேட்டின் கடைசி மூன்று வருஷப் பக்கங்களில் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தில் பார்த்து எழுதியிருந்தது. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். யாரும் வாசிக்காத ஒன்றை வருஷக்கணக்காக எழுதச் சொன்னால் எந்த மனிதரும் அப்படித்தான் எழுதுவார்.

அலாஸ்கா ஆவணத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. அதை விளங்கிக்கொள்ளத்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. கப்பல்காரர் கொடுக்கிற கணக்கு நேரே அரசாங்கத்துக்குப் போகாது. பசிபிக் மாநிலங்களின் கடல் மீன்பிடி ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே போகும். அவர்கள் பெயரையும் கப்பல் அடையாளத்தையும் எடுத்துவிட்டுத்தான் ஆய்வு செய்கிறவர்களிடம் கொடுத்துவந்தார்கள். 2023இல் அந்த மறைப்பும் இனி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். ஏனென்றால் அந்த நாட்டு மீன்பிடிச் சட்டமே இந்தக் கணக்குகளை இரகசியமாக வைத்திருக்கக் கட்டளையிடுகிறது.

கணக்கைக் கேட்கிறவர்கள் அதை என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்று அந்தக் கப்பல்காரருக்குத் தெரிகிறது. எங்கள் கரையில் இல்லாதது அதுதான். எங்கள் 25,000 ரூபாவின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது. இன்ன நேரத்துக்குள் போய் வரவேண்டும், இவ்வளவு குதிரைவலுவுக்கு மேல் எஞ்சின் பூட்டக்கூடாது என்று கட்டுப்பாடுகள். இவனுக்கு உழைப்பு நல்லது என்று ஊரில் பேச்சு எழும்பினால், கேட்டு வருகிற கைகள் பல பக்கமும் இருந்தன. கரையில் நாலு மனிதர் நிற்கும்போது, "இண்டைக்கு ஒண்டுமில்லை, எண்ணெய்க் காசுக்கும் காணாது" என்று சொல்லப் பழகிய தலைமுறை அது. வீட்டுக்கு வந்து குப்பி விளக்கைக் கொளுத்தி, சீ.ஆர். கொப்பியில் உண்மைக் கணக்கை எழுதுவார் அப்பா. சூடை எத்தனை கிலோ, அறக்குளா எத்தனை, என்ன விலைக்குக் கூறினது, எண்ணெய், ஐஸ், கூட வந்தவர்களின் பங்கு. குனிந்து, சின்ன எழுத்தில். கணித பாடத்தை விட அந்தக் கொப்பியில்தான் நான் கூட்டல் கழித்தல் படித்தேன்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் போட்டையும் எஞ்சினையும் இரண்டு செட் வலையையும் வீட்டின் முன்பக்கத்தையும் கொண்டுபோனது. கொப்பிகளும் போயின. நாங்கள் உயிரோடு இருந்தோம். சில கிழமைகளுக்குப் பிறகு, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் போமோடு வந்தார்கள். தொழில் உபகரணம் தருவதற்கான பதிவு. அப்பாவிடம் மாத உழைப்பைக் கேட்டார்கள். "நாலாயிரம் மட்டில வரும், தம்பி" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது 24 வயது. சூடைக் காலத்தில் ஒரு கிழமையிலேயே அதை விட அதிகம் உழைத்த மாதங்களை என் கண்ணால் கூட்டிப் பார்த்திருக்கிறேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். வாயில் வந்துவிட்ட பழக்கம் அது. அத்தனை வருஷமும் அவரைக் காப்பாற்றிய பழக்கம்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பெரிய அளவில் தொழில் செய்தவர்களுக்கு எஞ்சினோடு பைபர் போட் வந்தது. அப்பாவுக்கு எஞ்சின் இல்லாத ஒரு சின்ன வள்ளம். அவர்கள் அநியாயம் செய்யவில்லை. சொன்னதை எழுதினார்கள், எழுதியதற்கு ஏற்பக் கொடுத்தார்கள். அப்பா இரண்டு வருஷம் துடுப்புப் போட்டார், அந்த வயதில். பிறகு அக்காவின் நகையை அடைவு வைத்து ஒரு பழைய எஞ்சின் வாங்கினோம். அந்த நகை திரும்ப வரவே இல்லை.

அப்பா சாகும்வரை இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஆனால் என் மேசைக்கு முன்னால் ஒருவர் குரலைத் தணித்து "அதையே எனக்கும் போட்டுவிடு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளிக்கூட மரம் எனக்குத் தெரிகிறது.

இப்போதைய பயம் வேறு. உழைப்பைக் கூட்டிச் சொன்னால் அஸ்வெசும வெட்டுப்படும் என்கிறார்கள். வரிக்காரன் வருவான் என்கிறார்கள். மீனுக்காகக் கொடுத்த கணக்கு வீட்டுக்கு எதிராகத் திரும்புமா? எனக்குத் தெரியாது என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடிகிறது. கொடுக்கும் தொகை எந்தக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து எங்கே போகும் என்று நிரப்பிக் கொடுக்கிற எனக்கே தெரியாதபோது, நான் என்ன உறுதி சொல்வது?

அதற்கு மேல் ஒன்று. என் கைக்கு வந்த போம்களில் உழைப்பைக் கேட்காதது அரிது. செலவைக் கேட்டது அதைவிட அரிது. 2022இல் எண்ணெய்க்காகப் போத்தலும் கானும் வரிசையில் வைத்துவிட்டுக் கிழமைக்கணக்காகக் காத்திருந்தோம். அந்த ஆகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அண்ணாவின் போட்டுக்கு ஒரு தடவை போய்வர 30 லீற்றர் வேண்டும். முதல் நாள்வரை 2,610 ரூபா. அடுத்த நாள் 10,200. அண்ணா என் வீட்டு வாசற்படியில் இருந்து விரல்விட்டு எண்ணியது நினைவிருக்கிறது. "இவ்வளவுக்கு மீன் படாட்டி நான் கடலுக்குக் காசு குடுக்கப் போறன், பிள்ளை." வலை ஏற்றாமல் எத்தனையோ போட்டுகள் மணலில் கிடந்தன. அந்த மாதம் பைலில் இருக்கும் போம்களைப் பார்க்கிறேன். மாத வருமானம்: 25,000. முந்திய மாதமும் 25,000. எங்கள் கடற்கரையின் மிக மோசமான மாதம் எந்தக் கடதாசியிலும் பதியவில்லை. நாங்கள்தான் பதியவிடவில்லை.

அலாஸ்காவில் செலவையும் கேட்டார்கள், பணியாளின் பங்கையும் கேட்டார்கள், தேவைக்கு மேலே கேட்டார்கள், அதனால் குறைக்கிறார்கள். இங்கே நிறையத் தடவை கேட்கிறார்கள், குறையக் கேட்கிறார்கள். அங்கே குறைத்தார்கள் என்பதற்காக இங்கேயும் எல்லாவற்றையும் வெட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருதடவை கேளுங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அதை வைத்து எங்களைத் தண்டிக்கமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். நான் ஒன்பது வருஷமாகச் சொல்ல நினைத்து, கூட்டங்களில் சொல்லத் தெரியாமல் வந்தது இவ்வளவுதான்.

இதற்குள் பிடிபாட்டுப் பதிவேட்டைச் சேர்க்கவில்லை. எவ்வளவு பிடித்தோம், எங்கே பிடித்தோம் என்று ஆழ்கடல் போட்டுகள் எழுதிக் கொடுக்கிற பதிவேடு வேறு விஷயம். என் அத்தான் கொட்பே துறைமுகத்திலிருந்து போகிற ஆழ்கடல் போட் ஒன்றில் ஸ்கிப்பராக இருந்தவர். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிறுத்தியது. 2016இல்தான் திரும்ப எடுத்தார்கள். இடையில் பதிவேடும் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் போட்டுகளுக்கு ஏறின. அத்தான் முதலில் கோபப்பட்டார். "வலை இழுக்கிறதா, பேனை பிடிக்கிறதா?" என்றார். ஆனால் அந்த எழுத்து இல்லாவிட்டால் சந்தை திறந்திருக்காது என்பதை அவரே பிறகு சொன்னார். இந்து சமுத்திரத்தில் மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டிருக்கிறது என்று இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு பல வருஷம் சொல்லிவந்தது. பிடித்ததை எழுதத்தான் வேண்டும். அந்தக் கணக்கு கடலுக்குச் சொந்தம். அதைக் குறைக்க நான் கேட்கமாட்டேன்.

பங்குக்குப் போகிற பொடியன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. அண்ணாவின் போட்டில் செலவு கழித்து மிச்சத்தில் பாதி போட்டுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும். மற்றப் பாதி போனவர்களுக்கு. அந்தப் பாதி கையில் காசாகப் போகிறது, கடைக்குப் போகிறது, முடிகிறது. எங்கேயும் எழுத்தில்லை. போன வருஷம் வேறொரு போட்டில் போன பொடியனுக்குக் கயிறு சுற்றி இரண்டு விரல் போனது. நாலு மாதம் தொழில் இல்லை. உதவி கேட்டுப் போன இடத்தில், முன்பு எவ்வளவு உழைத்தாய், அத்தாட்சி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நான் சங்கத் தாளில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் இருந்த ஒரே பதிவு அந்த நீல பைலில் இருந்த 25,000. அது பொய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெரிங் கடலிலும் ஒரு பருவம் அப்படி வந்தது. 2018, 2019இல் கடல் சூடாகி, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பனிநண்டுகள் இல்லாமல் போயின. 2022 அக்டோபரில் அந்தப் பருவத்தையே முதன்முறையாக மூடினார்கள். ஒரு வருஷ உழைப்பு நின்றுபோனவனுக்கு, நேற்று வரை நான் இவ்வளவு உழைத்தேன் என்று சொல்ல ஒரு எழுத்து வேண்டும். கப்பல் பெரிதானாலும் வள்ளம் சின்னதானாலும் அது ஒன்றுதான். அதனால்தான் போம் குறைந்தது என்று கேட்டு நான் முழுதாகச் சந்தோஷப்படவில்லை. கூலிக்காரனின் பங்கைப் பற்றிய கேள்வி அந்தக் குறைப்பில் தப்பவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இவ்வளவையும் யோசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாசிக் கூட்டத்தில் ஒரு தாளை வைத்தேன். ஒரே தாள், இரண்டு பக்கம். முன்பக்கத்தில் மாறாதவை: பெயர், போட் இலக்கம், எஞ்சின் தொடர் இலக்கம், வலைகள். வருஷத்தில் ஒருதடவை எழுதி, எஞ்சினிலேயே பார்த்துச் சரிபிழை பார்த்து, தலைவரும் நானும் கையெழுத்து வைப்பது. எந்தக் கந்தோர் கேட்டாலும் அதன் பிரதி. பின்பக்கத்தில் மாதத்துக்கு ஐந்து வரி: கடலுக்குப் போன நாள், எண்ணெய் லீற்றர், ஐஸும் சாப்பாடும், மீன் விற்ற காசு, கூட வந்தவர்களுக்குப் பிரித்த பங்கு. பின்பக்கம் அலுமாரியை விட்டு வெளியே போகாது. பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். ஆள் கையெழுத்து வைத்துக் கேட்டால் மட்டும்தான் அவருடைய பக்கத்தின் பிரதி வெளியே வரும். கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டோம். எங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் காட்டினேன். முன்பக்கத்தைத் தன் வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பின்பக்கத்தை அவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

முதல் மாதம் நாலு பேர். என் வீட்டுக்காரரும் அண்ணாவும் சேர்த்துத்தான் நாலு. மூன்றாம் மாதம் பதினொரு பேர். அந்தப் பதினொன்றைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு நாள் செலவில் பாதிக்கு மேல் எண்ணெய்க்குத்தான் போகிறது என்று தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்தான். ஆனால் எழுத்தில், கூட்டுத்தொகையோடு இருப்பதைப் பார்த்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவோடு கடலுக்குப் போன மாமா ஒருவர் வந்தார். எழுபதுக்கு மேல் வயது. இப்போது மகனின் போட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார். தாளைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். "அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்றார். என்னிடம் ஒன்று, தலைவரிடம் ஒன்று என்றேன். "கந்தோருக்குப் போகாதுதானே?" போகாது மாமா. வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மீன் விற்ற காசைச் சொன்னார். 25,000 இல்லை. அதற்கு எவ்வளவோ மேலே. பிறகு எண்ணெயைச் சொன்னார், ஐஸைச் சொன்னார், பொடியன்களுக்குக் கொடுத்ததைச் சொன்னார். எல்லாம் போக மகனுக்கு மிஞ்சியது 25,000ஐ விடக் குறைவு.

நான் பேனையை எடுத்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுது பிள்ளை. ஆனா முதல்ல பென்சிலால எழுது. அடுத்த மாசம் வந்து பார்த்திட்டுப் பேனையால எழுதலாம்."

பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. மூதூர், சல்லி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் சங்க வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களிடம் நிரப்பச் சொல்லி வருகிற போம்களின் வெற்றுப் பிரதி ஒவ்வொன்று எனக்கு வேண்டும். ஒரே கேள்வி எத்தனை தடவை வருகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் வைத்து எண்ணப் போகிறேன்.